கம்ப்யூட்டர் ஆடும் அழுகுணி ஆட்டம்

(ஏற்காடு ஒன்றியம் மஞ்சக்குட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பனி இறங்குவதற்குள் கீழே போக வேண்டியவர்கள் பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

செல்போனில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் சிரிப்பு தெரிகிறது. "போனைப் பிடுங்கி வைக்க வேண்டும்" என்று நான் சொல்லப் போவதாக நினைத்தால், அது இல்லை. அதை நம் எல்லோருக்கும் சொல்லத் தெரியும். சொல்லிப் பலனும் பார்த்துவிட்டோம். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நம் மாநிலத்தில் 2023 முதல் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பக்கமும் நான் போகவில்லை. அப்பாவின் போனில், காசில்லாமல், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் ஆடும் சாதாரண ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். அதில் நம் பிள்ளைகள் ஒரு புகார் சொல்கிறார்கள். "சார், கம்ப்யூட்டர் அழுகுணி ஆட்டம் ஆடுது" என்பதுதான் அது. இந்தப் புகாரைக் காது கொடுத்துக் கேட்டால் நம் வகுப்பறைக்கு அதில் நிறைய இருக்கிறது.

அவர்கள் சொல்வதை அப்படியே சொல்கிறேன். எளிய நிலையில் வைத்து ஆடினால் ஒரு ஓவரில் ஆறு பந்தும் சிக்ஸர். தினமும் அடிக்கிறார்கள், சலித்துப் போகிறது. உண்மையில் அது எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள். சர்வதேச ஆட்டத்தில் 2007 மார்ச்சில் ஹெர்ஷல் கிப்ஸ் அடிக்கும் வரை ஒருவரும் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்ததில்லை. அடுத்து அதே ஆண்டு செப்டம்பரில் டர்பனில் யுவராஜ் சிங் அடித்தார். நம் ஏழாம் வகுப்புப் பையன் அதைச் சோற்றுக் கையோடு அடிக்கிறான். சரி, கடின நிலைக்கு மாற்றலாம் என்று மாற்றினால், பந்து மட்டையின் விளிம்பில் மட்டுமே படுகிறது. எதிரணி ஃபீல்டர் எங்கிருந்து எறிந்தாலும் ஸ்டம்ப் பறக்கிறது. கம்ப்யூட்டர் பந்து வீசினால் எல்லாமே யார்க்கர்.

யார்க்கர் என்றதும் சேலம் மாவட்டத்துக்காரர்கள் நமக்கு ஒரு உரிமை உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகி, 2020 இறுதியில் ஆஸ்திரேலியா போய், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானவர். அவர் பெயரே யார்க்கரோடு சேர்ந்துதான் வரும். ஆனால் அந்தப் பந்து கொஞ்சம் முன்னால் விழுந்தால் அடிக்க வாகான பந்து. கொஞ்சம் தள்ளிப் போனால் ஃபுல் டாஸ். அந்த ஆபத்து இருப்பதால்தான் அவர் சரியாக வீசும்போது நாம் கை தட்டுகிறோம். செல்போனில் இருக்கும் பந்துவீச்சாளருக்கு அந்த ஆபத்தே கிடையாது. பிள்ளைகளை எரிச்சல்படுத்துவது இதுதான். "நல்லா ஆடுதுன்னா பரவாயில்ல சார், தப்பே பண்ண மாட்டேங்குது" என்றான் ஒருவன்.

இது நம் மலைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பேஸ்பால் வீடியோ ஆட்டம் ஆடுகிறவர்கள் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். கம்ப்யூட்டர் வீசும் பந்து எப்போதும் எல்லைக்கோட்டின் ஓரத்தை உரசுகிறது; கம்ப்யூட்டர் ஆட்டக்காரர் கெட்ட பந்துக்கு மட்டையைத் தூக்குவதே இல்லை. நிஜ பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை சரியாக அடிப்பவரே பெரிய ஆட்டக்காரர். பெரிய லீக்கில் ஒரு பருவம் முழுக்கப் பத்துக்கு நான்குக்கு மேல் அடித்தவர் என்று சொல்லும்போது இன்னமும் 1941இல் ஆடிய டெட் வில்லியம்ஸ் பெயரைத்தான் சொல்கிறார்கள். தோல்விதான் அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி. கிரிக்கெட்டிலும் அப்படித்தான். பிராட்மேனின் 99.94 பக்கத்தில் கூட எவராலும் வர முடியவில்லை. செல்போனில் நம் பையனின் சராசரி ஐந்நூறு.

சரி, கம்ப்யூட்டர் உண்மையிலேயே ஏமாற்றுகிறதா? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பிள்ளைகள் சொல்வதில் பாதி சரி. பாதி நம் மனம் செய்யும் வேலை.

முதலில் சரியான பாதி. இந்த ஆட்டங்களை எழுதுகிறவர்களுக்கு வலுவான எதிராளியை உருவாக்குவது கடினமே இல்லை. நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது திரையில் தெரிவதற்கு முன்பே இயந்திரத்துக்குத் தெரிந்துவிடுகிறது. நீங்கள் மெதுவான பந்து வீசப் போகிறீர்கள் என்று அது கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண் கட்டாமல் தேடுகிற மாதிரி. அதனால், தெரிந்ததைத் தெரியாதது போல நடிக்கவும், கொஞ்சம் தாமதிக்கவும், அவ்வப்போது தவறவும் அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடினமான வேலை அங்கேதான் இருக்கிறது. வலுவாக ஆடச் செய்வதை விட, மனிதனைப் போலத் தவறச் செய்வது சிரமம்.

பெரும்பாலான ஆட்டங்களில் 'கடினம்' என்று ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன நடக்கிறது என்றால், எதிராளிக்குப் புத்தி கூடுவதில்லை. எண்கள் மாறுகின்றன, அவ்வளவுதான். நிஜத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஆடுகளத்தின் நீளத்தைக் கடக்க ஏறத்தாழ அரை நொடி ஆகும். செல்போனில் அந்த அரை நொடிக்குள் பொத்தானை அழுத்த ஒரு சிறு இடைவெளி கொடுத்திருப்பார்கள். எளிய நிலையில் இடைவெளி அகலம். கடின நிலையில் குறுகல். பந்துவீச்சாளர் உங்களைப் படித்து, "இவன் கால் பக்கம் தடுமாறுகிறான்" என்று திட்டம் போட்டு வீசுவதில்லை. உங்கள் கதவைச் சின்னதாக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நாம் தயாரிக்கும் வினாத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். "இந்த முறை கேள்வி கொஞ்சம் டஃப்பா இருக்கட்டும்" என்று முடிவு செய்தால் என்ன செய்கிறோம்? இரண்டு இலக்கப் பெருக்கல் நான்கு இலக்கம் ஆகிறது. நாற்பது நிமிடம் முப்பது நிமிடம் ஆகிறது. யோசிக்க வைக்கும் கேள்வி ஒன்று கூடியிருக்காது. கதவுதான் சின்னதாகியிருக்கும். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பு எடுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை இருப்பது, மலருக்குப் பத்துக் கணக்கு, அரும்புக்கு மூன்று கணக்கு என்று கொடுப்பதற்காக அல்ல. செயல்பாடே வேறாக இருக்க வேண்டும் என்பதற்காக. நேரமில்லாத நாளில் எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்து எண்ணிக்கையை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற பழக்கம் எங்கும் உண்டு. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. கார் பந்தய ஆட்டங்களில் நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் பின்னால் வருகிறவர் கடைசிச் சுற்றில் உங்களை ஒட்டி வந்துவிடுவார். நீங்கள் பின்தங்கினால் முன்னால் போகிறவர் மெதுவாகிவிடுவார். இரண்டு வண்டியையும் ரப்பர் பேண்டால் கட்டியது போல. 1992இல் தொடங்கிய மரியோ கார்ட் தொடர் இதற்குப் பேர் போனது. போட்டி கடைசி வரை விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. ஆனால் பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டால், முதல் இரண்டு சுற்றில் உழைத்து ஓட்டுவதில் அர்த்தம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். உழைப்புக்கும் முடிவுக்கும் தொடர்பு அறுந்தால் பிள்ளை ஆட்டத்தை விட்டுவிடுவான், அல்லது குறுக்கு வழி தேடுவான். தோற்கும் நேரம் பார்த்து "விளம்பரம் பார்த்தால் இன்னொரு வாய்ப்பு", "நாணயம் வாங்கினால் நல்ல மட்டை" என்று திரையில் வருவதையும் சேர்த்துப் பாருங்கள். எதிராளி ஏன் அவ்வளவு முரட்டுத்தனமாக ஆடினார் என்ற சந்தேகம் ஒரு பையனுக்கு வந்தால் அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

எல்லா ஆட்டமும் இப்படி என்றும் சொல்லவில்லை. நம் சென்னையில் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்ற நிறுவனம் 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' என்ற செல்போன் ஆட்டத்தைத் தொடராகத் தயாரித்து வருகிறது. இதைச் சொன்னபோது என் மாணவர்கள் நம்பவில்லை. இந்த மாதிரி ஆட்டம் எல்லாம் வெள்ளைக்காரன் செய்வது என்று நினைத்திருந்தார்கள். ஆட்டத்துக்குள் இருக்கும் எதிராளியை நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார், அதற்குக் கணக்கு வேண்டும் என்று தெரிந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு வந்தது. என் பாடத்துக்கு இத்தனை விளம்பரம் வேறு எப்போதும் கிடைத்ததில்லை.

இப்போது மனம் செய்யும் பாதி. சிட் மேயர் என்பவர் 'சிவிலைசேஷன்' என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை உருவாக்கியவர். 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டம் தயாரிப்பவர்களின் மாநாட்டில் பேசும்போது ஒரு செய்தி சொன்னார். ஆட்டத்தில் நடக்கும் சண்டையில் வெற்றி வாய்ப்பு மூன்றுக்கு ஒன்று என்று திரையில் காட்டுகிறார்கள். அதாவது நான்கில் ஒரு முறை தோற்க வேண்டும். தோற்றவர்கள் கொதித்துப் போனார்களாம். அதே ஆட்கள் ஒன்றுக்கு மூன்று பாதகமான சண்டையில் வென்றபோது வாய் திறக்கவில்லை. அது தங்கள் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கணக்கையே ஆட்டக்காரருக்குச் சாதகமாகத் திருத்த வேண்டி வந்தது. கணக்கு சரியாக இருந்தபோது அநியாயமாகத் தெரிந்தது. கணக்கைத் திருத்திய பிறகு நியாயமாகத் தெரிந்தது!

ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொண்ணூறு சதவீதம் என்றால் 'நிச்சயம்' என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்கிறது, நாமும்தான். தொண்ணூறு சதவீத வாய்ப்புள்ள கேட்ச் பத்து வந்தால், பத்தையும் பிடிக்கும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம்தான். மூன்றில் இரண்டு முறை குறைந்தது ஒன்றாவது நழுவும். நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்காவது ஒரே முகம் தொடர்ந்து ஐந்து முறை வந்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 97 சதவீதம். ஆனால் பிள்ளைகளிடம் "சுண்டாமலே நூறு விடை எழுது" என்று கொடுத்துப் பாருங்கள். தலை, பூ, தலை, தலை, பூ என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். ஐந்து தலை தொடர்ந்து எழுதக் கை வராது. இந்த மனத்தோடு செல்போன் முன் உட்கார்ந்தால், தொடர்ந்து மூன்று விக்கெட் விழுந்ததும் ஏமாற்று வேலை என்றுதான் தோன்றும்.

பிள்ளைகளை விடுங்கள். 1997இல் நியூயார்க்கில் டீப் புளூ என்ற ஐ.பி.எம். கணினியிடம் கேரி காஸ்பரோவ் மூன்றரைக்கு இரண்டரை என்று தோற்றார். நொடிக்கு இருபது கோடி நிலைகளைக் கணக்கிடும் இயந்திரம் அது. இரண்டாவது ஆட்டத்தில் அது ஆடிய விதத்தைப் பார்த்து, இது இயந்திரம் ஆடியதாக இருக்க முடியாது, பின்னால் மனிதக் கை இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. நம் பையன் "இது மனுஷன் மாதிரி ஆடலையே" என்று கோபப்படுகிறான். உலக சாம்பியன் "இது மனுஷன் மாதிரி ஆடுகிறதே" என்று கோபப்பட்டார். எதிராளி எப்படி யோசிக்கிறார் என்று தெரியாதபோது தோல்வியை விழுங்க முடிவதில்லை, எந்த வயதிலும்.

செஸ் என்று வந்ததால் ஒன்று. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நம் பள்ளிகளிலெல்லாம் போட்டி வைத்தோம், நினைவிருக்கும். அதன் பிறகு செல்போனில் செஸ் ஆடும் பிள்ளைகளும் கூடினார்கள். அங்கேயும் இதே சிக்கல். கீழ்நிலையில் வைத்தால், கம்ப்யூட்டர் பத்து நகர்த்தல் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டு, பதினோராவதில் ராணியைச் சும்மா கொடுத்துவிடும். புதிதாகக் கற்கும் மனிதர் அப்படித் தவறுவதில்லை. அவர் தவறுக்கு ஒரு காரணம் இருக்கும்: குதிரையைக் கவனிக்காமல் இருந்திருப்பார், அவசரப்பட்டிருப்பார். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவதுதான் ஆட்டம். சும்மா கிடைத்த ராணியிலிருந்து பிள்ளை எதைக் கற்பான்? 2020இல் டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசாஃப்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் மாயா என்ற செஸ் நிரலை வெளியிட்டார்கள். வெல்வதற்காக அதைப் பழக்கவில்லை; இந்த நிலையில் உள்ள மனிதர் அடுத்து எதை நகர்த்துவார் என்று ஊகிக்கப் பழக்கினார்கள், தவறான நகர்த்தல் உட்பட. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அது சரியாக ஊகித்தது. உலக சாம்பியனைத் தோற்கடித்து இருபத்து மூன்று ஆண்டு கழித்துத்தான், கற்றுக்குட்டியைப் போலத் தவறுவதற்கு இயந்திரம் பழகத் தொடங்கியது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனாரே நம் குகேஷ், அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் கம்ப்யூட்டர் செஸ் நிரல்களின் பக்கமே அவரைப் போக விடவில்லை என்பது பலரும் படித்த செய்தி. விடை சொல்லும் இயந்திரம் பக்கத்தில் இருந்தால் பையன் தானாகக் கணக்கிட மாட்டான் என்பது ஒரு காரணம். அந்த இயந்திரம் ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை விளக்காது என்பது நான் சேர்த்துக்கொள்ளும் காரணம்.

இப்போது நம் மைதானத்துக்கு வருவோம். மைதானம் என்றால் உங்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் காப்பித் தோட்டத்து வேலி, மறுபக்கம் சரிவு. சரிவில் பந்து உருண்டால் அடுத்த ஊர் போய்த்தான் நிற்கும். அதனால் சரிவுப் பக்கம் போனால் இரண்டு ரன் டிக்ளேர். வேலிக்குள் நேராக விழுந்தால் அவுட், அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். சின்னப் பையன் ஆடினால் முதல் பந்து ட்ரையல். அவன் அடித்தது தரையில் ஒரு குத்து குத்தி வந்தால் கேட்ச் இல்லை. பெரியவன் அடித்ததை ஒரு குத்துக்குப் பிறகு ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் காமன், இரண்டு பக்கமும் ஆடுவான். தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தவன் இருந்தால் அவள் ஒப்புக்குச் சப்பாணி.

இந்த ஒப்புக்குச் சப்பாணியை நாம் கேலிச் சொல்லாக மட்டும் பார்க்கிறோம். ஆனால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த ஏற்பாடு அது. அவள் ஆட்டத்தில் இருக்கிறாள், ஓடுகிறாள், அவுட் ஆனாலும் அழ வைப்பதில்லை. ஒரு பருவம் போனால் அவள் நிஜமாகவே பிடித்துவிடுவாள், அன்றைக்கு அவளைச் சப்பாணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவருக்கும் பயிற்சி கொடுக்காமல் இந்த நிலைமாற்றம் நடக்கிறது. பி.எட். படிக்கும்போது வைகாட்ஸ்கியின் 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்று மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கினோமே, அது இந்தச் சரிவில் தினமும் சாயங்காலம் நடக்கிறது. முக்கியமானது என்னவென்றால், இங்கே எல்லா விதியும் வெளிப்படை. தம்பிக்குச் சலுகை உண்டு என்பது அண்ணனுக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். செல்போன் ஆட்டமும் சலுகை கொடுக்கிறது, பிடுங்குகிறது. ஆனால் சொல்லாமல் செய்கிறது. ஒன்றுக்கு விட்டுக்கொடுத்தல் என்று பெயர், மற்றதற்கு அழுகுணி என்று பெயர்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். தோட்ட வேலைக்குப் போகும் வீடு. இரவில் அப்பாவின் போனில் கடின நிலையில் மாட்டிக்கொண்டு தோற்றுக்கொண்டே இருந்தவன். ஒரு நாள் பின்னம் பற்றிய சிறு தேர்வில் பெயரை மட்டும் எழுதித் தாளைக் கொடுத்தான். அவனுக்குப் பின்னம் ஓரளவு வரும். "ஏண்டா?" என்றால், "எப்படியும் அவுட்டுதான சார், இதுவும் அந்த மாதிரிதான்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வினாத்தாளையும் அந்த இயந்திரத்தையும் அவன் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டான்: நான் என்ன செய்தாலும் முடிவு அங்கே ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது என்று. மலையில் படிக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு முன் நின்றுபோகும் கதை நமக்குத் தெரியும். வறுமை, தூரம், வேலை என்று பல காரணம். இந்த "எப்படியும் அவுட்டுதான" என்பதும் அதில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில் புத்தகக் கிரிக்கெட் ஆடினோம். நாம் எல்லோரும் கடைசி பெஞ்சில் ஆடியதுதான். புத்தகத்தைத் திற, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 0 வந்தால் அவுட். இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண் என்பதால் 0, 2, 4, 6, 8 என்று ஐந்தே வாய்ப்பு. எட்டுக்கு ஊருக்கு ஒரு விதி. நாங்கள் ரன் இல்லை என்று வைத்தோம். ஐந்து முறை திறந்தால் சராசரியாக ஒரு முறை அவுட், பன்னிரண்டு ரன். ஆக ஒரு ஆட்டக்காரருக்குப் பன்னிரண்டு, பத்து விக்கெட்டுக்கு 120 ரன், ஏறத்தாழ ஐம்பது பந்தில். உண்மையான டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு விக்கெட்டுக்கு முப்பது ரன்னை ஒட்டி வரும், அதற்கு அறுபது பந்துக்கு மேல்கூட ஆகும். அப்படியென்றால் புத்தகக் கிரிக்கெட் செல்போனை விட எத்தனையோ மடங்கு செயற்கையானது. ஆனால் புத்தகம் ஏமாற்றுகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "நீ மடிப்பு விழுந்த இடத்துல திறக்கற" என்று பக்கத்தில் இருப்பவனைத்தான் சொன்னார்கள். அதுவும் உண்மைதான், எந்தப் பழைய புத்தகமும் பழகிய இடத்தில்தான் திறக்கும். ஏன் புத்தகத்தின் மேல் கோபம் வரவில்லை என்று கேட்டேன். ஒரு பெண் சொன்னாள்: "அது எப்படி ஆடுதுன்னு நமக்குத் தெரியும்ல சார்."

அடுத்த வாரம் அவர்களுக்குக் கொடுத்த வேலை இது: இரண்டு பகடையை வைத்துக்கொண்டு ஒரு பந்துவீச்சாளரை நீங்களே எழுதுங்கள். ஜெயிக்க முடிய வேண்டும். ஆனால் சுலபமாக முடியக்கூடாது. நிஜ ஆள் மாதிரி இருக்க வேண்டும். முதலில் வந்தவை எல்லாம் எளிது, கடினம் என்று எண்ணை ஏற்றி இறக்கியவைதான், செல்போன் மாதிரியே. பிறகு ஒரு குழு, மூன்று ஓவருக்குப் பிறகு களைத்துப்போகும் பந்துவீச்சாளரை எழுதியது. பின்னத் தேர்வில் வெறும் தாள் கொடுத்தவன் எழுதியது ஒரு கோபக்காரரை: சிக்ஸர் அடித்தால் அடுத்த பந்தில் அவர் விக்கெட் எடுக்கும் வாய்ப்பும் கூடும், வைடு போடும் வாய்ப்பும் கூடும். எத்தனையில் எத்தனை என்று முப்பத்தாறு கட்டத்தில் எழுதிக்கொண்டு வந்தான். அதில் பின்னம் இல்லாமல் வேறென்ன இருக்கிறது? 1980இல் வந்த பேக்மேன் ஆட்டத்தில் தோரு இவாதானி நான்கு பேய்களுக்கும் நான்கு குணம் வைத்தார். ஒன்று நேராகத் துரத்தும்; இன்னொன்று நாம் போகப் போகும் இடத்தைப் பார்த்து மறிக்கும்; இடையிடையே எல்லாம் பின்வாங்கி நமக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். அவன் பேக்மேனைப் பார்த்ததே இல்லை. எங்கள் சரிவு மைதானத்தில் கோபக்காரப் பந்துவீச்சாளர்களைத்தான் பார்த்திருக்கிறான்.

அவன் அதற்குப் பிறகு முதல் மதிப்பெண் வாங்கினான் என்று எதிர்பார்க்காதீர்கள். வாங்கவில்லை. இயற்கணிதத்தில் இன்னும் தடுமாறுகிறான். தாளை வெறுமையாகக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

செல்போன் புகாரையும் சோதித்தோம். "கடைசி ஓவரில் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிடும்" என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். நோட்டுப் போட்டு எழுதச் சொன்னேன், தோற்ற ஆட்டம் மட்டுமல்ல, வென்றதும். சில வாரத்தில் புகார் பாதியானது; வென்ற ஆட்டங்களிலும் அதே கடைசி ஓவர் இருந்தது, அப்போது யாரும் பேயைப் பார்க்கவில்லை. மீதிப் பாதிக்கு இன்னும் ஆட்டங்கள் வேண்டும் என்று அவர்களே சொல்லி நிறுத்தினார்கள். ஃபீல்டர் எறிந்தால் ஸ்டம்ப் பறக்கிறது என்ற புகார் மட்டும் நோட்டிலும் நின்றது. இரண்டுமே எனக்கு மகிழ்ச்சி.

உயர்நிலைப் பள்ளிக்காரர்கள் இதை ஹைடெக் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் காட்சித் தொடர்பியல் பாடத்தில் ஸ்கிராட்ச் இருக்கிறது. அதில் தற்செயல் எண் தரும் கட்டம் ஒன்று உண்டு. அது கிடைத்துவிட்டால் பகடை வேண்டாம். தொடக்கப் பள்ளிக்கு ஒரு பகடை போதும், கூட்டல் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வினாத்தாள் விஷயத்தில் நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்று: எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று தேர்வுக்கு முன்பே பலகையில் எழுதிவிடுகிறேன். சிலர் அது கேள்வியைக் கசியவிடுவது மாதிரி என்றார்கள். தேநீர் இடைவேளையில் அதைப் பற்றிச் சண்டை போடலாம்.

இப்போது குழுவுக்கு ஒரு பழைய பாடநூலும் இரண்டு பகடையும் கொடுக்கிறேன். முதலில் பத்து விக்கெட் வரை புத்தகக் கிரிக்கெட். எட்டுக்கு என்ன என்பதைக் குழுவே முடிவு செய்து தாளின் மேலே எழுதிவிடுங்கள். பிறகு உங்கள் பந்துவீச்சாளரை எழுதி, பக்கத்துக் குழுவிடம் ஆடக் கொடுங்கள். விதி முழுவதையும் அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஆட வேண்டும். ஜன்னல் ஓரம் இருக்கும் குழு மட்டும் பகடையைப் பார்த்து உருட்டுங்கள். கீழே விழுந்தால் எடுத்து வர ஆள் இல்லை.